யாருடைய கைதி

ஒவ்வொரு வருடமும் அரசியல் சட்டப் பரீட்சையில் கடைசிக் கேள்வியாக ஒரு தென்னந்தோப்புக் கூலிக்காரனின் கதையைக் கொடுப்பேன். பெயரை மட்டும் மாற்றிவிடுவேன். கொலை வழக்கில் கீழ்க் கோர்ட் அவனைத் தண்டிக்கிறது. அவன் மேல்முறையீட்டை வாபஸ் வாங்குகிறான். ஜனாதிபதி நிபந்தனையோடு மன்னிக்கிறார். பிறகு நிபந்தனையை மீறிவிட்டான் என்று மன்னிப்பை ரத்து செய்கிறார். அவன் எதையும் மீறவில்லை என்று கோர்ட் சொல்கிறது. ஆனாலும் அவன் உள்ளே போகிறான். இதில் அரசின் எந்தக் கிளை தன் எல்லையைத் தாண்டியது? பத்து மதிப்பெண்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். எந்தக் கிளையும் தாண்டவில்லை. தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை, மன்னிப்பது ஜனாதிபதி இருக்கும் அரண்மனையின் வேலை, இரண்டும் அதனதன் வேலிக்குள்தான் நின்றன. சரியான விடை அதுதான். பத்துக்குப் பத்து போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைப்பேன். அன்று முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேச மாட்டேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கூலிக்காரர் நிஜ மனிதர். கிரிசாந்தோ மலபனான். ஊருக்கு அவர் சாந்தோ. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் மாங் சாந்தோ என்பேன். இப்போது அவர் உயிரோடு இல்லை. நான் அவருடைய வக்கீல், இலுமினாடா கதிக்பாக். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச வக்கீல். சனிக்கிழமைகளில் மட்டும் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துவேன். அந்தச் சனிக்கிழமை வேலைதான் அவரைக் கெடுத்தது. இதை யாரும் என் மேல் குற்றமாகச் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

மணிலாவுக்குத் தென்கிழக்கே, கெஸோன் மாகாணத்தில் எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை தென்னைதான். ஒரு மாலை, ஆற்றங்கரைக் கொப்பரைச் சூளை பக்கத்தில் கங்காணி தொலெந்தினோ வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். முந்தின வாரம்தான் சாந்தோ அவரோடு ஊரறியச் சண்டை போட்டிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் நின்ற ஒருவன், சாந்தோ அரிவாளோடு நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கோர்ட்டில் சத்தியம் செய்தான். வேறு சாட்சி கிடையாது. அவன் பார்த்ததாகச் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்புதான் சூளைக்குத் தீ மூட்டியிருந்தார்கள்.

சூளைப் பக்கம் நின்றவர்களுக்கு இது தெரியும். மூட்டிய முதல் அரைமணி நேரம் மட்டைப் புகை மேலே எழும்பாது. தரையோடு படுத்து அப்படியே ஆற்றின்மேல் பரவும். பக்கத்தில் நிற்பவர் யார் என்றே தெரியாது, இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அக்கரையிலிருந்து முகம் பார்த்தானாம்! நான் இதைச் சொன்னபோது, மணிலாவில் பிறந்து மணிலாவில் வளர்ந்த நீதிபதி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"புகை மேலதானே போகும், அட்டர்னி?" என்றார்.

தீர்ப்பிலும் அதையே எழுதினார். பதினான்கு வருடம்.

நான் மேல்முறையீடு போட்டேன். இருபத்திரண்டு பக்கம். அதில் பதினெட்டுப் பக்கம் புகையைப் பற்றியது. எந்த மட்டை, எந்த ஈரம், எந்தக் காற்று, எத்தனை நிமிடம் என்று சூளைக்காரர்கள் பத்துப் பேரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். அது மணிலாவுக்குப் போய் மற்ற கட்டுகளோடு வரிசையில் உட்கார்ந்தது. ஒரு வருடம் போனது, இரண்டு போனது, நான்கும் போனது. கேட்டுப் போகும்போதெல்லாம் வரிசை நகர்கிறது என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் நாட்டில் செப்டம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் வந்த மாதிரிதான், கடைகளில் பாட்டுப் போட ஆரம்பித்துவிடுவார்கள். சிறையில் செப்டம்பர் என்றால் பட்டியல். டிசம்பரில் ஜனாதிபதி மன்னிக்கப்போகிறவர்களின் பட்டியலை அப்போதுதான் தயாரிப்பார்கள். அதில் ஒரு விதி உண்டு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறவன் பெயரைச் சேர்க்க முடியாது. அதனால் செப்டம்பரில் கைதிகள் வரிசை கட்டி நின்று வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். ஜெயிக்க வேண்டிய வழக்கு, தோற்க வேண்டிய வழக்கு என்று பார்ப்பதில்லை. ஒருவன் போட்டால் அந்தக் கொட்டடியே போடும்.

ஐந்தாவது செப்டம்பரில் சாந்தோ ஆள் அனுப்பினார். நான் போனேன். பார்வையாளர் கூடத்தில் அவர் மனைவி நெல்டா, நான் மரியாதையாக ஆலிங் நெல்டா என்பேன், சோற்றையும் கருவாட்டையும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டியல்ல என் பேரு இல்லீங்க, அட்டர்னி. கேட்டா, 'உன் கேஸ் இன்னும் கோர்ட்ல கெடக்கு, நீ கோர்ட்டோட ஆளு'ங்கறாங்க" என்றார் சாந்தோ.

"ஆமா, மாங் சாந்தோ. மேல்முறையீடு முடியற வரைக்கும் உங்கமேல அதிகாரம் கோர்ட்டுக்குத்தான். நடுவுல ஜனாதிபதி கை வெச்சா, கோர்ட்டு வேலையில தலையிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப நான் இப்ப கோர்ட்டு எருமை. வாபஸ் வாங்கினா அரண்மனை எருமை. அப்படித்தானே?"

"எந்தக் கொட்டாய்ல கட்டினா என்ன? எவனாச்சும் கயித்த அவுத்தாச் சரி" என்றாள் நெல்டா, கருவாட்டு முள்ளை எடுத்துக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. "இது ஜெயிக்கிற கேஸ். பொய்யா ஆறுதல் சொல்றவ இல்ல நான். வாபஸ் வாங்கிட்டா நீங்க கொலைகாரன்கறது நெரந்தரமாயிடும். அப்புறம் எந்தக் கோர்ட்டும் அதத் தொடாது" என்றேன்.

"ஜெயிப்போம்னா, எப்போ?"

நான் கோப்பைப் புரட்டினேன்.

"வருஷம்கூட வேணாம், உத்தேசமாச் சொல்லுங்க."

"அடுத்த மாசமும் இருக்கலாம். அஞ்சு வருஷமும் ஆகலாம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எங்க கொட்டடியில தாசியோன்னு ஒரு பெரியவரு. போன மாசம் அவருக்குத் தீர்ப்பு வந்துச்சு. விடுதலை. சத்தமாப் படிச்சாங்க. அவரு செத்து ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. எவனும் சிரிக்கக்கூட இல்ல."

ஊருக்குத் திரும்பி வாபஸ் மனுவை நானே டைப் அடித்தேன். ஐந்தே வரி. அவர் கையெழுத்துப் போட்டபோது, "செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிக்கறேன். என் அப்பன் இருந்தா செருப்பால அடிப்பான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி மன்னிப்பு வந்தது. ஒரே தாள், கீழே நிபந்தனைகள். இனி எந்தத் தண்டனைச் சட்டத்தையும் மீறக் கூடாது. மீறினால் மீதி ஒன்பது வருடத்தையும் சிறையில் கழிக்க வேண்டும். கைதி ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் மன்னிப்பு செல்லும், எவர் தலையிலும் அதைக் கட்ட முடியாது. சாந்தோ போட்டார். யார்தான் போட மாட்டார்கள்? மாதத்தின் முதல் திங்கட்கிழமை எங்கள் ஊர்க் கோர்ட் குமாஸ்தாவிடம் வந்து, ஊரில்தான் இருக்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும். அதுவும் ஒரு நிபந்தனை.

ஜனவரியில் முதல் கையெழுத்துப் போட வந்தபோது, கால் கட்டிய இரண்டு கோழிகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஒண்ணு நான் வெளிய வந்ததுக்கு" என்றார். "இன்னொண்ணு?" என்றேன். "ஜெயிக்க விடாம நான் கெடுத்ததுக்கு."

இரண்டே முக்கால் வருடம் அவர் வீட்டில் இருந்தார். ஒரு திங்கட்கிழமை தவறியதில்லை. கூரை மாற்றினார், ஆற்றோரமாக நெல்டாவுக்கு அவள் அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டார். அந்தத் துண்டு நிலத்தில்தான் வினை வந்தது. கிராமத் தலைவர் ஹெர்மோஹெனெஸுக்கு ஆற்று மணலை லாரியில் ஏற்றிப்போக ஒரு வழி வேண்டியிருந்தது. நல்ல வழி நெல்டாவின் நிலத்துக்கு நடுவே போனது. கேப்டன் என்றுதான் அவரை ஊர் கூப்பிடும். கேப்டன் முதலில் சிரித்துக் கேட்டார், பிறகு சிரிக்காமல் கேட்டார். சாந்தோ இரண்டுக்கும் முடியாது என்றார்.

அவர் வெளியே வந்த பிறகு இரண்டாவது அக்டோபரில் புயல் வந்தது. புயல் அடித்தால் மேல்தோப்புகளின் தேங்காய் எல்லாம் ஆற்றில் மிதந்து வரும். மழை விட்ட மறுநாள் ஊரே கூடையும் கம்புமாக ஆற்றில் இறங்கும். பிடித்தவருக்குச் சொந்தம். பாதிரியார் வீட்டுச் சமையல்காரி பிடிப்பாள், போலீஸ்காரர் பெண்டாட்டி பிடிப்பாள், நான் சின்ன வயதில் பிடித்திருக்கிறேன். அதைத் திருட்டு என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் மற்றவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்பார்கள். சாந்தோ முப்பத்தொரு காய் பிடித்தார். ஊரில் நூறு பேர் பிடித்தார்கள். கேப்டன் சாந்தோ ஒருவர் மேல்தான் புகார் கொடுத்தார், தன் தோப்பிலிருந்து முப்பத்தொரு தேங்காய் திருடியதாக.

தேங்காய்தானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் தண்டனைச் சட்டத்தில் தோப்பில் தேங்காய் திருடுவது சாதாரணத் திருட்டில் சேராது. வேலைக்காரி எஜமானி நகையைத் தூக்குவதும் தோப்பில் காய் தூக்குவதும் ஒரே தட்டு. இரண்டும் கடுந்திருட்டு. கேப்டனுக்கு அது நன்றாகத் தெரியும்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மணிலாவிலிருந்து சாந்தோவுக்கு ஒரு கடிதம் வந்தது. மன்னிப்பு விஷயங்களில் ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லும் குழுவின் கடிதம். உங்கள் மேல் குற்றச்சாட்டு வந்திருப்பதாக அறிகிறோம், பதினைந்து நாளில் விளக்கம் தரவும் என்று இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அதை நெகிழித் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

"மணிலாவுக்கு நேரா போயிடுவோம், அட்டர்னி" என்றாள் நெல்டா. "ஆத்துல வந்த காயி, ஊரே எடுத்துச்சுன்னு சொல்லிடுவோம். அம்பது பேர் கையெழுத்து நான் வாங்கித் தர்றேன். பாதிரியாரும் போடறேன்னுட்டாரு."

"அவசரப்படாதீங்க, ஆலிங் நெல்டா. திருடினாரா இல்லையான்னு தீர்மானிக்கிறது கோர்ட்டு வேலை. கோர்ட்டு விசாரிச்சிட்டு இருக்கு. அரண்மனைக்காரங்க அதுல மூக்கை நுழைக்க முடியாது. நாம போய் அவங்ககிட்ட விளக்கம் சொன்னா, விசாரிக்கிற அதிகாரம் அவங்களுக்கும் இருக்குன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கிட்டா என்ன போச்சு?"

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். முந்தின சனிக்கிழமைதான் இந்தப் பாடத்தை மூன்று மணி நேரம் நடத்தியிருந்தேன். அந்தச் சூடு ஆறவில்லை.

"அது பெரிய விஷயம், ஆலிங் நெல்டா. ஒரு தடவை ஒத்துக்கிட்டா வேலி போச்சு."

"எனக்கு வேலியெல்லாம் தெரியாது. நேர்ல போனா மூஞ்சியப் பாப்பாங்க. மூஞ்சியப் பாத்தாத் தெரியும். போயிட்டு வந்துடுவோமே."

"நெல்டா, அட்டர்னி சொல்றதக் கேளு" என்றார் சாந்தோ. "அவங்களுக்குத் தெரியாததா?"

வாசல் வரை போனவள் திரும்பி வந்து மூன்றாவது முறையாகவும் கேட்டாள். நான் முடியாது என்றேன்.

மூன்று பக்கம் எழுதினேன். அதிகாரப் பிரிவினை என்றால் என்ன, ஒரே கை குற்றம் சாட்டித் தானே தீர்ப்பும் சொன்னால் அதற்குப் பெயர் என்ன, வழக்கு கோர்ட்டில் இருக்கும்போது குழு ஏன் வாயைத் திறக்கக் கூடாது என்றெல்லாம் விளாசியிருந்தேன். அனுப்புவதற்கு முன் எனக்கே படித்துக் காட்டிக்கொண்டேன். அந்த மூன்று பக்கத்தில் ஆறு என்ற சொல் இல்லை. புயல் என்ற சொல் இல்லை. தேங்காய் என்ற சொல்கூட இல்லை.

திருட்டு வழக்கில் ஜெயித்தோம். இந்த முறை வந்த நீதிபதி எங்கள் மாகாணத்துக்காரர், கொப்பரை வியாபாரியின் மகன். கேப்டனைப் பார்த்து, "ஏன் கேப்டன், ஆத்துல மெதந்து வர்ற காயில உங்க பேரு எழுதியிருந்துச்சா? நான்கூட சின்ன வயசுல பொறுக்கியிருக்கேன். எம்மேலயும் கேஸ் போடுவீங்களா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. திருட்டு நடக்கவே இல்லை, விடுதலை என்று ஒரு பக்கத்தில் தீர்ப்பு எழுதிக் கொடுத்தார். அது வியாழக்கிழமை. சாந்தோ அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த திங்கள், மாதத்தின் முதல் திங்கள். சாந்தோ இஸ்திரி போட்ட சட்டையோடு கையெழுத்துப் போட வந்தார். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து கொடுத்தாள். அவர் போட்டு முடித்ததும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வந்து பெயரைக் கேட்டார்கள். குமாஸ்தா ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அவர் கையில் விலங்கு மாட்டிவிட்டார்கள். அவர் மாட்டிய கையாலேயே பையிலிருந்து தீர்ப்பை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"விடுதலைங்க. இதப் பாருங்க, முத்திரை இருக்கு. பாருங்க."

அவர்களில் மூத்தவர் அதை வாங்கி முழுக்கப் படித்தார். அதைச் சொல்லியாக வேண்டும், ஒழுங்காகப் படித்தார். படித்துவிட்டுப் பழையபடி நான்காக மடித்து அவர் பையிலேயே வைத்தார்.

"சரிதான், அண்ணே. ஆனா இது கோர்ட்டு பேப்பர். எங்ககிட்ட இருக்கறது அரண்மனை பேப்பர்."

ரத்து உத்தரவை நான் வாங்கிப் பார்த்தேன். தீர்ப்புக்கு ஒன்பது நாள் முந்தின தேதி. காரணம் இரண்டு வரி. குற்றச்சாட்டு பதிவாகியுள்ளது. உண்மை நிலவரம் குறித்துக் கைதி தரப்பில் எந்த விளக்கமும் தரப்படவில்லை. இரண்டாவது வரி என்னைப் பற்றியது.

சாந்தோ என்னைப் பார்த்து, "நீங்க பேசுங்க, அட்டர்னி" என்றார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. வண்டி போய்விட்டது.

ஆட்கொணர்வு மனு போட்டேன். மணிலாவில் மேல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் நல்ல மனிதர், என் குரல் உடைந்தபோது தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"இவர் திருடலங்கறதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல, அட்டர்னி. ஆனா மன்னிப்பு ஜனாதிபதி குடுக்கறது. நிபந்தனை மீறப்பட்டுச்சா இல்லையான்னு பாக்கறதும் அவரோட அதிகாரம். அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் உங்க கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கார். அங்க நாங்க கை வெச்சா அதிகாரப் பிரிவினை என்னாறது?" கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார், "நீங்களே இந்தப் பாடத்த நடத்தறவராமே?"

குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நாற்காலி போட்டு, அரிசிப் பலகாரமும் காபியும் வரவழைத்தார். அவர் முகத்தில் கெடுதல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கோர்ட்டு விட்டுடுச்சா, சந்தோஷம் மேடம். ஆனா அது தேங்காய்க் கேஸ். இவர் உள்ள இருக்கறது கொலைக் கேசுக்கு. அவர் கொலையே செய்யலன்னு நீங்க சொல்றீங்க. இருக்கலாம். அதச் சொல்ல எங்களுக்கு ஏது அதிகாரம்? அது கோர்ட்டு வேலை. அப்பவே மேல்முறையீடு பண்ணியிருக்கலாமே?"

"பண்ணினோம். உங்க பட்டியலுக்காக வாபஸ் வாங்கினோம்."

"அடடா" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு கோப்பைப் புரட்டி, என் மூன்று பக்கத்தை எடுத்துப் பார்த்தார். "இதுல அந்த ஆத்து விஷயத்த ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா... நான் கெஸோன்காரன்தான், மேடம். எங்க அம்மாவும் பிடிப்பாங்க."

பாதி தின்ற பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பழைய மேல்முறையீட்டை மறுபடி உயிர்ப்பிக்க முடியுமா என்று ஒரு கடைசி நப்பாசை. முடியாது, எனக்கே தெரியும். இருந்தாலும் வாபஸ் உத்தரவின் நகல் வாங்க மேல் கோர்ட் ஆவண அறைக்குப் போனேன். அங்கே கட்டுகளைக் காக்கிற மாங் தெலெஸ் என் அப்பாவுக்குப் பழக்கம். கட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டிப் பிரித்தார். மேலே என் ஐந்து வரி மனு, அதன்மேல் அக்டோபர் நான்காம் தேதி வந்து சேர்ந்த முத்திரை. அதைப் புரட்டினார். புரட்டின கை அப்படியே நின்றது.

"நான் உனக்கு இதக் காட்டலம்மா. நீ பாக்கவும் இல்ல" என்றார். பிறகு சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

டைப் அடித்த ஏழு பக்கம். தீர்ப்பின் வரைவு. தேதி செப்டம்பர் பத்தொன்பது. என் வாபஸ் மனு வந்து சேர்ந்ததற்குப் பதினைந்து நாள் முன்பு. புதிதாக மூட்டப்பட்ட கொப்பரைச் சூளையின் புகை பற்றிய வாதத்தைக் கீழ்க் கோர்ட் புரிந்துகொள்ளவில்லை என்று இருந்தது. ஒரே சாட்சியின் பார்வையை நம்புவதற்கில்லை என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், விடுதலை. ஓரத்தில் பென்சிலால் ஒரு நீதிபதி எழுதியிருந்தார்: சரி, மற்ற இருவருக்கும் அனுப்பவும். இன்னொருவரும் சரி என்று போட்டிருந்தார். மூன்றாமவரின் மேசைக்குப் போவதற்குள் என் ஐந்து வரி போய்ச் சேர்ந்திருக்கிறது. வழக்கு வாபஸ், கோப்பு மூடப்பட்டது.

மூன்று கையெழுத்தும் விழாத வரைவு தீர்ப்பாகாது. அது வெறும் காகிதம். அதை வைத்து எந்தக் கோர்ட்டிலும் எதையும் கேட்க முடியாது. சட்டக் கல்லூரியில் முதல் வருடத்துப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நான் கட்டை மூடி, கயிற்றை முன்பிருந்த மாதிரியே கட்டி, மாங் தெலெஸிடம் கொடுத்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை நெல்டாவும் நானும் சிறைக்குப் போனோம். அதே கூடம், அதே பெஞ்சு. ஐந்து மாதத்தில் சாந்தோ பாதியாகியிருந்தார். இருமல் வேறு. கண்ணிலும் பார்வை மங்குகிறது என்றார். நான் தோற்ற செய்தியைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது.

"அப்ப நான் இப்ப யாரு எருமை, அட்டர்னி?" என்றார்.

நான் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டு கொட்டாய்க்காரனும் எனுதில்லைங்கறான். ஆனா கயிறு மட்டும் இருக்கு." இருமி முடித்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லணும்" என்றார்.

"கேளுங்க, மாங் சாந்தோ."

"அன்னைக்கு வாபஸ் வாங்காம இருந்திருந்தா? நீங்க வேணாம்னீங்க. நான்தான் புடிவாதமா நின்னேன். ராத்திரி பகலா அதே நெனப்பு. அந்தப் பொகை கேஸு என்ன ஆயிருக்கும்?"

நெல்டா கருவாட்டைக் கிள்ளுவதை நிறுத்தினாள்.

இருபது வருடம் கோர்ட்டில் நின்றிருக்கிறேன். தெரிந்தே ஒரு பொய் சொன்னதில்லை. அதில் எனக்குத் திமிர் உண்டு.

"தோத்திருப்போம்" என்றேன். "மணிலாக்காரங்களுக்குப் பொகையப் பத்தி என்ன தெரியும்? இன்னும் நாலு வருஷம் இழுத்தடிச்சிட்டுத் தள்ளுபடி பண்ணியிருப்பாங்க."

அவர் மூச்சை விட்டார். நீளமாக விட்டார். முகம் தளர்ந்து, பழைய சிரிப்பு கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

"அப்படியா. அப்ப சரி. அப்ப நான் ஒண்ணும் கெடுத்துக்கல. ரெண்டே முக்கா வருஷம் வீட்ல இருந்தேன்ல, அது மிச்சம்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குடு நெல்டா, பசிக்குது."

நேரம் முடிந்து நாங்கள் வெளியே வந்தோம். வாசலில் ஜீப்னி வண்டிக்காகக் காத்து நின்றோம். நல்ல வெயில். நெல்டா காலித் தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிருப்போம், இல்ல?" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

இரண்டாவது தடவை பொய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"அவருக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. அதான் நம்பிட்டாரு. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது." தூக்கின் மூடியை அழுத்திவிட்டாள். பிறகு, "சொல்லாம விட்டதுக்குக் கோடி புண்ணியம்" என்றாள்.

நான் அவள் கையைத் தொடப் போனேன். அவள் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வாபஸ் வாங்கினது அவரு. அதுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா மணிலாவுக்குப் போலாம்னு நான் சொன்னேன், அட்டர்னி. மூணு தடவை சொன்னேன்."

குரலில் கோபம்கூட இல்லை. ஜீப்னி வந்து நின்றது. உள்ளே இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தூக்கை வைத்தாள்.

நான் அடுத்த வண்டிக்கு நின்றேன்.